கடல் காலி

இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. பத்து மணிக்கு எங்கள் போர்க்கப்பலிலிருந்து சோதனை ஏவுகணை கிளம்பும். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால், ஏவுவதற்குப் பொறுப்பான அதிகாரி மகாபாத்ரா சார் என் பக்கம் திரும்பி, கிளீட்டஸ், கடல் காலியா என்று கேட்பார். காலி என்று நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காலியில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாவது பதில் கிடையாது. பயிற்சிப் பள்ளியில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், ரேடார் முன்னால் உட்காருகிறவன் வாயில் தெரியாது என்ற சொல் வரக்கூடாது, அதைச் சொல்ல உனக்குச் சோறு போடவில்லை என்று. பதினான்கு வருடமாக நான் அதைச் சொன்னதில்லை. தெரியாதபோதும் சொன்னதில்லை. இப்போது திரையில், மேற்கே, பதினோரு மைலில், ஒரு புள்ளி வந்தது. வந்ததா? வந்த மாதிரி இருந்தது. அடுத்த சுற்றில் இல்லை. அதற்கடுத்த சுற்றிலும் இல்லை. அலை தலை தூக்கினால் இப்படித்தான் ஒரு பொட்டு விழும், போகும். இந்தக் காற்றில் அலை தலை தூக்காமல் என்ன செய்யும். ஆனால் அலை, விழுந்த இடத்திலேயே திரும்ப விழாது. இது விழுகிறது. இதோ. அதே இடம். கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கிறதோ. கண்ணைக் கசக்கிக்கொண்டேன். இந்த அறையில் ஏசி எலும்பு வரைக்கும் போகிறது, இயந்திரங்களுக்குச் சூடு ஆகாதாம், மனிதனுக்குக் குளிர் ஆகலாமாம். ஜெர்க்கின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே அரபிக்கடலில் வெயில் கொளுத்துகிறது என்று சொல்கிறார்கள். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கடலிலேயே இருந்துகொண்டு கடலைப் பார்க்காமல் நாளைக் கழிக்கிறவன் நான்.

இன்று காலையிலும் இப்படித்தான். எட்டு மணி வாக்கில் ஒரு புள்ளி. நான் துள்ளிக் குதித்து, காலியில்லை சார் என்று சொல்லி, முழுக் கப்பலும் நின்று, ஹெலிகாப்டர் பறந்துபோய்ப் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் டிரம். காலி டிரம். நீல நிறம். கேப்டன் ஒலிபெருக்கியிலேயே சொன்னார், "அடுத்த தடவை டிரம் என்ன நிறம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடு கிளீட்டஸ், பைலட்டுக்கு வேலை மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டரைக்கு வைத்திருந்தது பத்துக்குத் தள்ளிப்போனது என்னால்தான். விடியற்காலையிலேயே கண்காணிப்பு விமானம் இந்தப் பரப்பு முழுவதும் பறந்து பார்த்துவிட்டது, ஒரு படகும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. மூன்று நாளாக வானொலியில் எச்சரிக்கை சொல்கிறார்கள், இந்த இடத்துக்குள் யாரும் வர வேண்டாம் என்று, ஆங்கிலத்தில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை. அண்ணனுக்கு ஆங்கிலமும் வராது, இந்தியும் வராது. அண்ணனை ஏன் இப்போது நினைக்கிறேன். அண்ணன் இங்கே எங்கே வரப்போகிறான். அரபிக்கடல் என்ன கைப்பிடிக் கடலா. திரையைப் பார். சுற்று வருகிறது. இல்லை. சுற்று வருகிறது. இல்லை. பார், ஒன்றும் இல்லை, நீயாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணன் பத்தொன்பது நாளைக்கு முன்னால் எங்கள் ஊர் தூத்தூரிலிருந்து கிளம்பினான். சுறா வேட்டை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான், கரையிலேயே மீன் கிடந்தாலும் அறுநூறு மைல் தள்ளிப்போய்ப் பிடித்தால்தான் மீன் என்பார்கள். ஒரு மாதம், நாற்பது நாள், ஐஸ் தீரும் வரைக்கும். போட்டு என்று நாங்கள் சொல்கிற மோட்டார் படகு இரண்டு மூன்று சேர்ந்து போகும், பத்துப் பதினைந்து மைல் இடைவெளி விட்டுத் தூண்டில் போடும், ஒன்றுக்கு ஏதாவது ஆனால் இன்னொன்று வரும். கிளம்பும்போது மைனி, அண்ணன் மனைவி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். அண்ணன் முன்பக்கத்தில் நின்று சிரிக்கிறான். சகாய மாதா என்று புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறது. மாலை போட்டிருக்கிறது. பின்னால் கம்பம். கம்பத்தின் உச்சியில் கொடி மட்டும் இருக்கிறது. நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தேன். கொடி மட்டும்தான். தகரம் இல்லை.

அந்தத் தகரம் எப்படி வந்தது என்றால், மாமா செத்ததால் வந்தது. ஞானப்பிரகாசம் மாமா, அம்மாவின் தம்பி. அவர் போட்டின் மேல் ஒரு சரக்குக் கப்பல் ஏறிவிட்டது. பட்டப்பகலில். மாமாவும் ஆறு பேரும். கப்பல் நிற்கவே இல்லை. வேண்டுமென்று நிற்காமல் போகவில்லை, பார்க்கவே இல்லையாம், மரப்போட்டு ரேடாரில் விழாது, மேலே நின்றவன் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பான். நெற்றியில் எறும்பு ஊர்ந்த அளவுகூட அந்தக் கப்பலுக்குத் தெரிந்திருக்காது. அதற்கப்புறம் ஊரில் ஒரு வழக்கம் வந்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் சதுர பிஸ்கட் தகரத்தை வெட்டி, தட்டையாக்கி, மூன்று துண்டைக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகி, நிறைய மூலைகள் வரும்படி செய்து கம்பத்தின் உச்சியில் கட்டுவது. ரேடார் அதில் பட்டால் பட்ட வழியே திரும்பிப் போகும். புதுப் போட்டு இறக்கும்போது பாதிரியார் தகரத்துக்கும் சேர்த்துத்தான் தீர்த்தம் தெளிப்பார். அண்ணன் போட்டுக்கு அம்மா தன் டப்பாவைக் கொடுத்தாள், மிளகாய்ப்பொடி போட்டு வைத்திருந்த டப்பா. கட்டியபிறகும் வெயிலடித்தால் மேலேயிருந்து மிளகாய் வாசம் வரும் என்று அண்ணன் கேலி செய்வான்.

அதைக் கழற்றச் சொன்னது நான். கழற்றச் சொல்லவில்லை. சொல்லவில்லைதானே? கிறிஸ்மஸ் லீவில் போயிருந்தேன். மத்தியானம், மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் கறியும். எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் கப்பலைப் பற்றி ஆரம்பித்தேன். ஃப்ரிகேட் என்றால் என்ன என்று அண்ணன் கேட்டான். பெரிய விமானந்தாங்கிக் கப்பல் போகும்போது அதற்கு முன்னாலும் பக்கத்திலும் போகிற ஆள் நாங்கள், அதன் மேல் விழ வேண்டியது எங்கள் மேல் விழட்டும் என்று போகிறவர்கள், மேலே விமானம், கீழே நீர்மூழ்கி, எதிரே கப்பல் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆறாயிரம் டன் கப்பல், ஆனால் எதிரி ரேடாரில் பார்த்தால் உன் போட்டு அளவுக்குத்தான் தெரியும் என்றேன். அண்ணன் கையில் கிழங்கோடு அப்படியே பார்த்தான்.

"லேய், இவ்வளவு பெரிய கப்பலு எப்பிடிலே சின்னதாட்டு தெரியும்? சும்மா அடிச்சு விடாத."

"சொவரு நேராட்டு இருந்தாத்தான் பட்டது திரும்பி வரும். எங்க கப்பலுல எல்லாத்தையும் சரிச்சு வச்சிருக்கு. மூலையே கிடையாது. பட்டது வேற பக்கமா போயிரும்."

"அப்பம் எனக்க கம்பத்துல கெட்டியிருக்க தகரம்?"

"அது ஊரெல்லாம் விளிச்சுச் சொல்லுத சாமானமாக்கும். அதக் கழத்திப் போட்டா ஒன்ன ஒருத்தனுக்கும் காணாது."

அப்போது சிரித்தேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசியவனின் சிரிப்பு. அண்ணன் சிரிக்கவில்லை. அவன் வேறு எதையோ யோசித்தான். வேறு துறைமுகத்துப் போட்டுகள் ரேடார் வைத்துக்கொண்டு இவன் பின்னாலேயே வருகின்றன, இவன் மீன் கண்ட இடத்தில் வந்து தூண்டில் போடுகின்றன, நாலு மாதமாக அதுதான் அவனுக்கு எரிச்சல். அதை முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தான். "ஒருத்தனுக்கும் காணாதா?" என்று திரும்பக் கேட்டான். "காணாது" என்றேன். மைனி, "கறி ஆறுது, ரெண்டுபேரும் தின்னுங்க" என்றாள். தின்றோம். அவ்வளவுதான் நடந்தது. இதில் கழற்று என்று நான் எங்கே சொன்னேன். சொல்லவில்லை. போட்டோவைப் பார்த்த அன்று போன் செய்தேன். அவன் போய்விட்டான், மைனிதான் எடுத்தாள். சின்னவளுக்குப் புதுநன்மை வருகிறது, கோவிலில் முதல்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள், வெள்ளை உடுப்பு தைக்க வேண்டும் என்று பேசினாள். நானும் உடுப்பைப் பற்றிப் பேசினேன். தகரம் எங்கே மைனி என்று கேட்கவில்லை. கேட்டால், நீங்கதானே சொன்னீங்க என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து ஏழு நிமிடம் உடுப்பைப் பற்றிப் பேசினேன். நான் எப்பேர்ப்பட்ட கோழை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதோ. வந்தது. இரண்டு சுற்று தொடர்ந்து வந்தது. பத்து மைல் எண்ணூறு கெஜம். ஸ்டீல் டம்ளரில் டீ ஆறிக் கிடக்கிறது, ஆடை படிந்திருக்கிறது. அது டிரம்மாகவே இருக்கட்டும் மாதாவே. இன்னொரு நீல டிரம். ஆனால் டிரம் இப்படித் தெரியாது. டிரம் உருண்டை, மங்கலாக விழும், மெல்ல மறையும். இது வந்தால் பளிச்சென்று வருகிறது, போனால் அப்படியே போய்விடுகிறது. மூலை உள்ள சாமான். எதிலோ ஆடுகிறது, இந்தப் பக்கம் திரும்பினால் தெரிகிறது, அலைக்குள் இறங்கினால் மறைகிறது. தகரம் என்றால் போட்டு. போட்டு என்றால் ஆள். ஆனால் தகரத்தோடு நிற்கிற போட்டு இவ்வளவு தாழ்வாக இருக்காது, கம்பம் உயரம், அலைக்குள் மறையாது. அப்படியானால் போட்டு இல்லை. போட்டு இல்லையென்றால் காலி. காலி என்று சொல்லலாம். இரண்டே எழுத்து. சொன்னால் முன் தளத்தில் மூடி திறக்கும், எட்டுக் குழலில் ஒன்றிலிருந்து புகையும் நெருப்புமாக அது நிமிர்ந்து மேலே போய், பிறகு குப்புறக் கவிழ்ந்து, அலை உயரத்துக்கு வந்து, மேற்கே ஓடும். அறுபது மைல் தள்ளி ஒரு பழைய இரும்புக் கப்பலை மிதக்க விட்டிருக்கிறார்கள், அதைத் தேடிப் போகும். போகிற வழியில் எது பளிச்சென்று தெரிந்தாலும் அதற்கு ஆசை வரும், அதற்காகத்தான் வழி காலியாக இருக்க வேண்டும். தகரம் இல்லாத போட்டானால் அதன் கண்ணுக்கும் தெரியாதே, தப்பிவிடுமே என்று ஒரு சமாதானம் வந்தது. வந்த வேகத்திலேயே மாமா நினைவுக்கு வந்தார். அந்தச் சரக்குக் கப்பலுக்கும் தெரியவில்லைதான். மோதுவதற்குத் தெரிய வேண்டுமென்று இல்லை. கம்பம் இருக்கிற உயரத்தில்தான் ஏவுகணையும் ஓடுகிறது.

"கிளீட்டஸ்."

மகாபாத்ரா சார் திரும்பிவிட்டார். மணி ஒன்பது ஐம்பது. அவருக்குப் பின்னால் கேப்டன் நிற்கிறார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இருபது பேர் இருக்கிற அறையில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும். கேட்கிறார். கடல் காலியா. சுற்று வருகிறது. ஒன்றும் இல்லை. சுற்று வருகிறது. ஒன்றும் இல்லை. இந்த நிமிடம் பார்த்தால் காலிதான், விமானம் காலி என்றது, திரை காலி என்கிறது, சொல்லித் தொலை. புதுநன்மை உடுப்பு. மிளகாய் வாசம். நாளைக்கு ஒரு போன் வந்து, மைனி பேசாமல் மூச்சு மட்டும் விட்டால்? எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். வாய் திறந்தது.

"காலியில்லை சார். மேற்கே பத்தரை மைலில் ஒரு பொருள்."

யாரோ பெருமூச்சு விட்டார்கள். கேப்டன் குனிந்து என் திரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது வரவில்லை. நாலு சுற்று வரவில்லை. அவருடைய மூச்சு என் காதில் பட்டது. "டிரம்மா?" என்றார். "டிரம் இல்லை சார், மூலை உள்ளது." "மூலையைத் திரையில் பார்த்தாயா?" கேலி இல்லாமல்தான் கேட்டார், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஐந்தாவது சுற்றில் அது வந்தது, ஊசி குத்தின மாதிரி. அவரும் பார்த்தார். நிமிர்ந்து, ஹெலிகாப்டரை அனுப்பச் சொன்னார். எரிபொருள் இன்னும் முக்கால் மணிக்குத்தான் இருக்கிறது, சீக்கிரம் என்றார். பிறகு காத்திருந்தோம். ஹெலிகாப்டர் திரையில் குண்டுப் புள்ளியாக மேற்கே போனது. கும்பிடுவதற்குக் கை எழவில்லை, ஹெட்போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. பைலட் குரல் வந்தது. ஒரு மூங்கில், நட்டுக்குத்தாக மிதக்கிறது, அடியில் தெர்மாகோல், மேலே கறுப்புக் கொடி. உச்சியில் ஏதோ தகரத்தை வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் சொருகிக் கட்டியிருக்கிறார்கள், பழைய பிஸ்கட் டப்பா மாதிரி, பாதி பூப்படம் தெரிகிறது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, திரும்பட்டுமா என்று கேட்டான்.

"காலையில் டிரம், இப்போது பிஸ்கட் டப்பா" என்றார் மகாபாத்ரா சார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை, எங்கள் ஊரில் யாருமே அப்படி இல்லை. கம்பத்திலிருந்து கழற்றியதைத் தூண்டில் கயிற்றின் முனையில் மிதக்கிற மூங்கிலில் கட்டியிருக்கிறார்கள், தகரம் வெயிலில் மின்னித் தங்கள் கயிறு தங்களுக்குத் தெரிய வேண்டும், தாங்கள் யாருக்கும் தெரியக்கூடாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஹெட்போன் வயர் இழுத்தது.

"சார், அது தூண்டில் கயிற்றின் முனை. கயிற்றோடு போனால் மறுமுனையில் போட்டு இருக்கும்."

"உன் திரையில் இருக்கிறதா?" என்றார் மகாபாத்ரா சார்.

"இல்லை சார்."

"விமானம் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. பிறகு எப்படி இருக்கும்?"

"இருக்கும் சார்." குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் உடைந்தது. கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஐந்து நிமிடம் போய்ப் பார் என்று பைலட்டிடம் சொன்னார். குண்டுப் புள்ளி தெற்கே நகர்ந்தது. ஒரு மைல். இரண்டு மைல். என் திரையில் அதற்கு முன்னால் வெறும் கறுப்பு. மூன்று மைலில் அது நின்றது. போட்டு, என்றான் பைலட். மரப்போட்டு. ஆள் இருக்கிறார்கள், எண்ணுகிறேன், பதினொன்று, கை காட்டுகிறார்கள், ஒருவர் பெரிய மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டுகிறார். பெயர் என்ன, பெயரைப் படி என்று நான் கத்தினேன், கத்துவதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. பைலட் எழுத்துக் கூட்டினான். மாதா என்று முடிகிறது என்றான். முன்னால் இருப்பதைப் படி. வி, வியா, வியாகுல. வியாகுல மாதா.

அண்ணன் இல்லை. அண்ணனுடைய போட்டு இல்லை. உடம்பு முழுக்க ஒரு நிம்மதி ஓடியது, உட்கார்ந்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்தது, மாதாவே ஸ்தோத்திரம் என்றேன். அந்த நிம்மதி ஒரு சுற்று இருந்தது. திரையில் ரேடார் ஒரு தடவை சுற்றி வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். வியாகுல மாதா லூர்தையனுடையது. லூர்தையன் அண்ணனுடைய கூட்டாளி, இரண்டு போட்டும் எப்போதும் சேர்ந்தேதான் கிளம்பும். கம்பத்தில் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று கேட்டேன். கொடி மட்டும்தான் என்றான் பைலட். அப்படியானால் அண்ணன் அவனுக்கும் சொல்லியிருக்கிறான். கப்பற்படையில் இருக்கிற என் தம்பி சொன்னான், கழற்றினால் ஒருத்தனுக்கும் காணாது என்று பெருமையாகச் சொல்லியிருப்பான். லூர்தையன் இன்னொருவனுக்குச் சொல்லியிருப்பான். ஊரில் எழுபது போட்டு. சாப்பாட்டு நேரத்தில் நான் வாய்க்கு ருசியாகப் பேசின பேச்சு எழுபது கம்பத்திலும் ஏறி, இருக்கிறதையெல்லாம் கழற்றிவிட்டு வந்திருக்கிறது. மாமாவும் ஆறு பேரும் செத்து வாங்கிக் கொடுத்த தகரம்.

கேப்டன் என் தோளில் கை வைத்தார். நல்ல கண் உனக்கு என்றார். எனக்கு நல்ல கண் இல்லை சார், நான் போட்டைப் பார்க்கவில்லை, இப்போதுகூட ஹெலிகாப்டர் அதன் தலைக்கு மேல் நிற்கிறது, குண்டுப் புள்ளி தெரிகிறது, அதன் அடியில் பதினொரு பேர் கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே என் திரையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் போட்டைத் தெற்கே விலகச் சொல்லிச் சைகை காட்டியாகிவிட்டது, ஒரு மணி நேரத்தில் எல்லைக்கு வெளியே போய்விடும். லூர்தையன் இங்கே இருந்தால் பத்துப் பதினைந்து மைலுக்குள் இன்னொருவன் இருக்க வேண்டும். சகாய மாதா என்று புதுப் பெயின்ட். சுற்று வருகிறது. மேற்கு, வடமேற்கு, வடக்கு, ஒன்றும் இல்லை. கறுப்பு. சுற்று வருகிறது. ஹெலிகாப்டருக்கு எரிபொருள் தீருகிறது, திரும்புகிறது. மகாபாத்ரா சார் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினொன்றே காலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கேப்டன். சரி என்று மகாபாத்ரா சார் என் பக்கம் திரும்புகிறார்.

"அந்தப் போட்டை விட்டுவிடு. அது போகிறது. அது தவிர கடல் காலியா கிளீட்டஸ்?"

"தெரியாது சார்."